இராமநாதபுரம் கடற்கரையில் நோய்கள் எங்கிருந்து வருகின்றன?

மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைச் சிற்றூரிலிருந்து சென்னைக்குச் சென்று செவிலியர் பட்டப்படிப்புப் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டார். தம் ஊரில் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கல், காய்ச்சல் ஆகியவை வீட்டுக்கு வீடு இருப்பதற்குப் பரம்பரை காரணமா, மக்களின் கவனக்குறைவு காரணமா, அல்லது பாடநூல்கள் குறிப்பிடும் சமூக, சுற்றுச்சூழல் காரணிகள் உண்மையிலேயே அவ்வளவு வலிமையுடையவையா என்பது முதற்கேள்வி. விடுமுறையில் ஊருக்கு வரும்போது எதைக் கணக்கெடுத்தால் இது விளங்கும் என்பது இரண்டாவது. இம்மாவட்டத்தில் நெடுங்காலம் சுகாதார ஆய்வாளராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பரம்பரைக்கும் பழக்கத்துக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்கடற்கரையில் எந்த நோய் எவ்வளவு இருக்கும், யாரிடம் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதலிடம் குடிநீருக்கே என்பது என் முடிவு. வேலை நடக்கும் இடமும் நேரமும், கையில் காசு வரும் காலமும் வராத காலமும், மருத்துவமனை இருக்கும் தொலைவும் அதன்பின் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை மருத்துவத்துறையின் கையில் இல்லாதவை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பரம்பரையா, சூழலா என்ற கேள்வியை ஓர் ஊருக்குள் மட்டும் நின்று கேட்டால் பெரும்பாலும் தவறான விடையே கிடைக்கும். 1985இல் பிரித்தானியத் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் இதைத் தெளிவாக விளக்கினார். 'இந்த மனிதருக்கு ஏன் இந்நோய் வந்தது' என்பதும், 'இந்த மக்கள்தொகையில் இந்நோய் ஏன் இவ்வளவு காணப்படுகிறது' என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்றார் அவர். எல்லோரும் நாளொன்றுக்கு இருபது சிகரெட் புகைக்கும் நாட்டில் ஆய்வு செய்தால், நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோயாகவே தோன்றும். ஏனெனில் நோயுற்றவரும் நோயற்றவரும் புகைப்பதில் வேறுபடவில்லை, உடலமைப்பில்தான் வேறுபடுகிறார்கள். உங்கள் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஊரார் அனைவரும் ஒரே உவர்நீர்க் கிணற்றின் நீரைக் குடிக்கிறார்கள் என்றால், அவர்களுள் யாருக்கு அழுத்தம் ஏறுகிறது என்பதைக் குடும்பவழி உடல்வாகு தீர்மானிக்கும். உள்ளூர் மருத்துவரும் 'உங்கள் அப்பாவுக்கும் இருந்ததுதானே' என்பார். அவர் கூறுவது உண்மைதான். ஆனால் அந்த ஊரின் அழுத்தத்தை நாற்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும், நல்ல நீர் குடிக்கும் ஊரோடு ஒப்பிட்டால் மட்டுமே கிணற்றின் பங்கு கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே கிணற்றிலிருந்தே தொடங்குவோம். வைகை இம்மாவட்டத்தை எட்டும்போது அதில் ஓடுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை; வரும் நீரும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று எழுதுவது எளிது. அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்து, ஊரணியிலும் கண்மாயிலும் தேங்கியதுபோக, கடலுக்குப் போய்விடுகிறது. கடலோர மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. அதன் மறுபக்கம்தான் நம்மைப் பாதிக்கிறது. மோட்டார் வைத்து மேலேயுள்ள நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் நாற்பதடி மேலேறக்கூடும். மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் சிறிதுசிறிதாக மொண்டு குடத்தை நிரப்பும் பெண்கள், அறிந்தோ அறியாமலோ, இந்தப் படலத்தைக் கலைக்காமல் நீரெடுக்கும் மிகச் சரியான முறையைக் கையாள்கிறார்கள். அதற்காக அவர்கள் கொடுக்கும் விலை நேரம்.

இந்த நிலத்தடி நீரை மேலும் கெடுத்தவற்றுள் கடலோர இறால் பண்ணைகளும் உண்டு. உப்புநீர்க் குளங்களிலிருந்து சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் உப்பு இறங்கும் செய்தியைத் தமிழ்நாட்டின் கடலோர மக்கள் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள், காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அமைந்த இறால் குளங்களை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், அவை பதிவு பெற்றுத் தொடர்வதற்கு வழியைத் திறந்துவிட்டது. ஒரு நாடாளுமன்றச் சட்டம் எப்படி ஒரு கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தில் வந்து முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் தரும் எடுத்துக்காட்டு இதுதான்.

அந்த இணைப்பைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டரில் 400 மில்லிகிராம் சோடியம் உள்ள கிணற்றுநீரை எடுத்துக்கொள்வோம். அது உவர்ப்பாக இருக்கும், ஆனால் பழகியவர்கள் குடித்துவிடுவார்கள். வெயிலில் வேலை செய்பவர் நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தால் 1,600 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகிறது. இது ஏறத்தாழ நான்கு கிராம் சமையல் உப்புக்குச் சமம். ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் உணவு அனைத்திலும் சேர்த்து ஐந்து கிராம் உப்புக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆக, சோற்றில் கைவைக்கும் முன்பே அவருடைய அளவில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. 'கருவாட்டைக் குறையுங்கள், ஊறுகாயை விடுங்கள்' என்று புறநோயாளர் பிரிவில் கூறப்படும் அறிவுரை தவறில்லை. அவர் குடிக்கும் நீரைப் பற்றி யாரும் கேட்காததுதான் தவறு.

வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரமான டாகோப் பகுதியில் நடந்த ஆய்வுகள் இதற்குச் சான்று தருகின்றன. அங்கே குடிநீரின் உப்பு கூடக்கூடக் கர்ப்பகால இரத்த அழுத்தமும், முன்சூல்வலிப்பு எனப்படும், அழுத்தம் ஏறித் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும் நிலையும் கூடியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மழைக்காலத்தைவிட வறண்ட மாதங்களில் கர்ப்பகால அழுத்தம் மிகுந்திருந்ததும் தெரியவந்தது. நேர்மைக்காக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதே நாட்டில் பின்னர் நடந்த சில ஆய்வுகள், உவர்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அழுத்தத்தை ஓரளவு குறைக்கக்கூடும் என்றும் காட்டியுள்ளன. எனவே 'உப்புநீர் குடித்தால் அழுத்தம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. எந்தக் கிணற்றில் எந்த உப்பு என்று பார்த்தாக வேண்டும். நம் கடற்கரையில் ஒவ்வொரு கிணற்றுக்கும் அப்படிப் பார்த்து, அந்த ஊரின் கர்ப்பிணிப் பதிவேட்டோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நீரின் தரத்தைப் போலவே அது வரும் முறையும் நோயை உண்டாக்குகிறது. திருச்சி அருகே காவிரியிலிருந்து நீரெடுத்து இம்மாவட்டத்துக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009இல் தொடங்கிவைக்கப்பட்டது. அது பெரும் பணி என்பதையும், பல ஊர்களின் வாழ்க்கையை மாற்றியது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் குழாயின் கடைக்கோடியில் உள்ள கடலோர ஊருக்கு நீர் என்று வரும், எத்தனை நாழிகை வரும் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் வரும்போது பிடித்து வைத்தாக வேண்டும். குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், சிமெண்டுத் தொட்டி என்று வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் நீர் நிற்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் போதும். தொட்டி காலியானாலும் அதன் பக்கச்சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே மழையில்லாத ஊரிலும் டெங்கு வரும். நீர் வாரத்துக்கு ஒருமுறைக்கும் அரிதாக வரும் ஊரில் 'வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துக் காயவையுங்கள்' என்று நாங்களே வீடுவீடாகச் சொல்லியிருக்கிறோம். கொசுப்புழு இருந்த வீட்டுக்கு அபராதம் விதிக்கும் நடைமுறையும் இருக்கிறது. நீர் வழங்கும் ஒழுங்கில் உள்ள குறைக்கு நீரைச் சேமித்த பெண்ணைத் தண்டிப்பது நியாயமில்லை என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். மூடியுள்ள தொட்டியை மலிவாகத் தருவதும், நீர் வரும் நாளை முன்கூட்டி அறிவித்து அதைக் காப்பாற்றுவதும் அபராதத்தைவிடப் பயன்தரும்.

நீர் சுமப்பதன் நோய்களைப் பதிவேடுகள் காட்டுவதில்லை. கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் குடங்களை அடுக்கிவைக்கும் துளையிட்ட தள்ளுவண்டிகளோடு பெண்கள் சாலையில் செல்வதைப் பார்த்திராதவர் இருக்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து லிட்டர் பிடிக்கும். கழுத்துவலி, முதுகுவலி, கருப்பை இறக்கம் என்று வந்து நிற்பவர்களிடம் 'கனமான பொருளைத் தூக்காதீர்கள்' என்கிறோம். வீட்டில் அவர் தூக்காவிட்டால் வேறு யார் தூக்குவது என்று கேட்டால், பள்ளிக்குப் போக வேண்டிய மகள் என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது.

கொசுவைப் பற்றிப் பேசும்போது இராமேசுவரம் தீவின் மலேரியாவைக் கூறாமல் விட முடியாது. தீவில் மலேரியா நெடுங்காலம் விடாமல் நீடித்ததற்கு, மக்கள் வாழ்ந்த முறையும் நிலத்தைப் பயன்படுத்திய முறையும் சேர்ந்தே காரணம். சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்ற மணலில் தோண்டப்பட்ட குழிகளில் அனாபிலிஸ் வகைக் கொசுக்கள் பெருகுவதை 1980களில் அங்கு நடந்த பூச்சியியல் ஆய்வுகள் கண்டறிந்தன. வீட்டுச் சுவரில் மருந்து தெளித்தால், சுவரில் வந்து அமரும் கொசு சாகும் என்பதே கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடிப்படை. காற்றுக்காகக் கடற்கரை மணலில் மீன்வலையோடு படுத்துறங்கும் மீனவரை அந்தச் சுவர் காப்பாற்றாது. இங்கே மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலில் மறைந்து கிடந்து, காய்ச்சல் தணிந்து பல வாரங்கள் கழித்தும் மீண்டெழக்கூடியது. அதை ஒழிக்கப் பதினான்கு நாள் மாத்திரை விழுங்க வேண்டும். கடலுக்குப் போய்விட்டவரும், இரண்டு நாள் தங்கிவிட்டு அடுத்த தலத்துக்குப் போகும் யாத்திரிகரும் அந்தப் பதினான்கு நாளை எங்கே முடிப்பார்கள்?

தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் கடலைக் கடந்தால் தலைமன்னார். அதே வெயில், அதே மணல், ஏறத்தாழ அதே தொழில். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 அக்டோபருக்குப் பின் இல்லை. 2016 செப்டம்பரில் அந்நாடு மலேரியா அற்றதாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அதிலும் நெடும்போர் நடந்த நாடு அது. கட்டணமில்லாப் பொதுச் சுகாதாரச் சேவை, ஒவ்வொரு காய்ச்சலையும் தேடிச் சென்று இரத்தம் எடுத்த பணியாளர்கள், நோய் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் துருவிக் கேட்ட ஒழுங்கு ஆகியவையே அதற்குக் காரணம். அந்தச் சான்றிதழ் கிடைத்த சில மாதங்களிலேயே, நம் நகரங்களின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு முதன்முறையாக மன்னாரில் கண்டறியப்பட்டது. கொசு வந்தும் நோய் அங்கே மீண்டும் வேரூன்றவில்லை. தட்பவெப்பம் நோய்க்கு இடந்தரும். அந்த இடத்தில் நோய் குடியேறுமா என்பதை மனிதர்கள் அமைத்த ஏற்பாடுகள் முடிவுசெய்கின்றன என்பதற்கு இவ்வளவு அருகிலேயே சான்று கிடைப்பது அரிது.

இனி வேலைக்கு வருகிறேன். வாலிநோக்கம், மாரியூர்ப் பகுதிகளின் உப்பளங்களில் வேலை வெயிலோடு கட்டுண்டது. வெயில் கடுமையானால்தான் உப்பு விளையும். வெண்மையான பாத்தியிலிருந்து எதிரொளிக்கும் ஒளி கண்ணைத் தாக்குகிறது, உப்புநீரில் நிற்கும் காலில் வெடிப்பு ஆறுவதேயில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது சிறுநீரகத்தில். தமிழ்நாட்டு உப்பளங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், தொழிலாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது. சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அங்கே பெண்கள் குறைவாகவே நீர் குடிக்கிறார்கள். நீர் இல்லாதது ஒரு காரணம். இருந்தாலும், குடித்தால் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பது மற்றொரு காரணம். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அங்கிருந்தே தொடங்குகின்றன. பரந்த உப்பளத்தில் ஒரு கழிப்பறையும் நிழற்கூரையும் குடிநீர்த் தொட்டியும் அமைப்பதற்கு ஆகும் செலவை, ஒரே ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கணக்கில் செய்யப்படும் இரத்தச் சுத்திகரிப்புச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பெண்கள் பலர் கடற்பாசி எடுப்பவர்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசி வகைகளுக்காக அவர்கள் விடியலில் வள்ளமேறிச் சென்று, சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையை அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பல மணிநேரம் வேலை செய்கிறார்கள். பவளப்பாறை கிழித்த காயம் உப்புநீரில் ஊறிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நாளிலும் ஈரத்துணியோடுதான் நாள் முழுவதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பாதுகாப்பு தேவையானது என்றே நான் எண்ணுகிறேன். பவளப்பாறை அழிந்தால் மீனும் பாசியும் அழியும், 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததையும் நாம் பார்த்துவிட்டோம். ஆனால் தீவோரம் தடுக்கப்பட்ட பெண்ணுக்கு மாற்று வருமானம் ஏற்படுத்தப்படாதபோது, அவர் சோர்வோடும் அச்சத்தோடும் அதே வேலையைத் தொடர்கிறார். அப்பெண்களே ஒன்றுகூடி, மாதத்தில் குறித்த நாள்களில் மட்டும் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டியைத் தவிர்த்துக் கையால் பறிப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான். தம் வேலையின் நேரத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்க முடிவது உடல்நலத்துக்கு நல்லது என்பதைப் பிரித்தானிய அரசு ஊழியர்களிடையே மைக்கேல் மார்மட் குழுவினர் நெடுங்காலம் நடத்திய ஆய்வுகளும் காட்டின. பதவிப்படியில் கீழிருந்தவர்களும், தம் வேலைமேல் கட்டுப்பாடு குறைந்தவர்களும் இதயநோய்க்குக் கூடுதலாக ஆளானார்கள்.

மீன்பிடித் தொழிலில் அந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு. ஆண்டுக்கு 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதற்கு மேல் புயல் எச்சரிக்கை நாள்கள், வேலைநிறுத்த நாள்கள், எல்லை தாண்டியதாகப் படகும் ஆளும் பிடிபட்டுப் போகும் நாள்கள். பிடிபட்டவர் சர்க்கரை நோயாளி என்றால் அவருடைய மாத்திரையும் அன்றோடு நின்றுபோகக்கூடும். கரையில் இருக்கும் மனைவிக்குப் படகுக் கடனும் தூக்கமின்மையும் சேர்ந்தே வருகின்றன. குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இந்த நாள்காட்டியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உணவில் ஒரு முரண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. மீன் இறங்கும் கரையில் இரத்தசோகை எப்படி என்று வெளியூர் மாணவர்கள் வியப்பார்கள். இறாலும் நீலக்கால் நண்டும் விலைபோகும் மீனும் ஏலத்திலேயே ஊரைவிட்டுப் போகின்றன. வீட்டில் எஞ்சியதை ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் பெண் உண்கிறார். மறுபக்கம், மாநிலத்தில் வயதுவந்தோரிடையே சர்க்கரை நோய் 2011 அளவில் 10.4 விழுக்காடாக இருந்து, 2023இல் வெளியான ஆய்வில் 14.4 விழுக்காடாகப் பதிவாகியிருக்கிறது. நியாயவிலைக் கடை அரிசி பசியை ஒழித்தது; அது மிகப் பெரிய சாதனை. அதோடு காய்கறியும் பயறும் அதே எளிமையில் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு வரவில்லை. உவர்நிலத்தில் காய்கறித் தோட்டம் போட முடியாத கடற்கரைக்கு இது இரட்டிப்பு இழப்பு.

மருத்துவமனையின் தொலைவைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். மருத்துவம் மிகத் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கும் என்று வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். பாம்பன் சாலைப்பாலம் 1988இல் திறக்கப்படும்வரை, தீவில் நடுஇரவில் பிரசவவலி கண்ட பெண்ணுக்கு மறுகரை செல்ல இரயிலோ படகோதான் வழி. அந்தப் பாலத்தைப் பொதுப்பணித் திட்டமாக மட்டும் கணக்கிடுவது போதாது. அதன்பின்னும் கடுமையான நோய்க்கு இராமேசுவரத்திலிருந்து 170 கிலோமீட்டர் அளவில் மதுரைக்கே போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் அந்தச் சுமை குறையத் தொடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை தவறாமல் கிடைத்து, குடிக்கும் நீர் மாறாமல் இருந்தால் அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதையும் அதே பணியாளர்கள் குறித்துவைத்தால் நமக்குப் பெரும் அறிவு கிடைக்கும்.

சமூகம் நோயைத் தீர்மானிக்கும் வலிமைக்கு இம்மாவட்டத்தின் மிகக் கொடிய சான்று, மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு குடும்பங்கள் நாடிவரும் தர்கா உள்ள ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அங்கிருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைக் கொன்றது தீ மட்டுமா? மாநிலத்துக்கென்று இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். மாவட்டங்களில் மனநல மருத்துவர் கிடைப்பது அரிது. வீட்டில் வைத்துப் பார்க்கப் பணமில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். தர்காவின் புனிதத்தில் நம்பிக்கை வைத்து வந்த குடும்பங்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்தது. தர்காவுக்கு வருவோருக்கு வழிபாட்டோடு மருத்துவமும் அங்கேயே கிடைக்கும் ஏற்பாடு 2014இல் தொடங்கியது. நம்பிக்கையோடு மோதாமல் அதன் பக்கத்தில் மருந்தை வைத்த அந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா என்று உங்கள் வகுப்பில் கேட்பார்கள். உண்டு. புகையிலையை விடுவதும், மாத்திரையை நிறுத்தாமல் விழுங்குவதும், கர்ப்பத்தை உடனே பதிவதும் அவரவர் செய்ய வேண்டியவை. ஒருவரால் எதைத் தேர்ந்தெடுக்க முடியுமோ அதற்கு மட்டுமே அவரைப் பொறுப்பாக்கலாம் என்பதே என் நிலை. கேன் தண்ணீர் வாங்கக் காசுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் 'உப்பைக் குறையுங்கள்' என்ற அறிவுரை ஒன்றுபோல் பொருந்தாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஊருக்குப் போனால் முதலில் நோயாளிகளை எண்ண வேண்டாம். நீர் எடுக்கும் இடங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு கிணறு, ஊற்று, குழாய், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் ஆகியவற்றின் கரைந்த உப்பின் அளவை மலிவான கையடக்கக் கருவியால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கத்தக்கது. இதை மழைக்குப் பின் ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் செய்யுங்கள். எந்த வீடு எந்த நீரைக் குடிக்கிறது, குடத்துக்கு என்ன விலை, நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எதில் சேமிக்கிறார்கள், யார் சுமக்கிறார்கள் என்பவற்றைக் கேளுங்கள். பிறகு கிராம சுகாதாரச் செவிலியரிடம் முறையாக அனுமதி பெற்று, பெயர்களை எடுக்காமல், கர்ப்பிணிகளின் அழுத்த அளவுகளை மாதவாரியாகப் பாருங்கள். இறுதியாக, உள்நாட்டில் நல்ல நீருள்ள ஓர் ஊரிலும் இதையே செய்யுங்கள். அந்த இரண்டாவது ஊர் இல்லாமல் முதல் ஊரின் கணக்கு எதையும் காட்டாது. கணக்கெடுப்பு முடிந்ததும் அதன் ஒரு படியை ஊராட்சித் தலைவரிடமும், மற்றொன்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் உதவிப் பொறியாளரிடமும் கொடுங்கள்; ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் மூன்றாவதாகக் கொடுத்தால் போதும்.